பூகம்பத்துக்கு ஒரு நாள் குறித்துக் கொடுங்கள், மாப்பிள்ளை

மேலகரம்,
ஆடி 27, செவ்வாய்க்கிழமை,
காலை 10.20 மணி.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை வேல்ராஜ் அவர்களுக்கு, மாமனார் சிவனணைந்தபெருமாள், காவல்துறை சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அத்தை தங்கத்தாய், நிர்மலா, பேத்தி நால்வரும் சுகம். அங்கு ஜப்பானில் நீங்களும் உங்கள் காலுக்குக் கீழே இருக்கும் தரையும் அசையாமல் சுகமாக இருக்கப் பண்பொழி திருமலைக் குமாரசாமியை வேண்டிக்கொள்கிறேன். சாரல் நன்றாக இருக்கிறது. பேத்தியின் துணிதான் நாலு நாளாகக் காயவில்லை.

போனிலேயே பேசலாமே, இந்தக் காலத்தில் ரிஜிஸ்டர் தபால் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். மூன்று தடவை போனில் கேட்டாகிவிட்டது மாப்பிள்ளை. ஒவ்வொரு தடவையும் போனை வைக்கும்போது, எடுத்தபோது தெரிந்திருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் எனக்குத் தெரிகிறது. முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் பத்தொன்பது வருஷம் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவன் நான். தேதி, நேரம், சம்பவ இடம் இந்த மூன்றும் இல்லாமல் ஒரு கோழி காணாமல் போனதைக்கூட நான் எழுதியதில்லை. ஆகவே எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் தரவும்.

விஷயம் நீங்கள் அறிந்ததுதான். சித்திரையில் பேத்தி பிறந்தாள். ஐந்தாம் மாதம் ஆவணியில் தாயையும் பிள்ளையையும் அப்பன் வீட்டில் கொண்டுபோய் விடுவது வழக்கம். ஜோசியர் தாணுமாலயன் ஆவணி 18, புதன்கிழமை, காலை ஒன்பதே கால் முதல் பத்தே காலுக்குள் படி இறங்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்திருக்கிறார். ஜப்பான் கிழக்கே இருப்பதால் திங்களும் சனியும் சூலம், ஆகாது. ஆனால் விமானம் ஏற மேற்கே திருவனந்தபுரம் போக வேண்டும் என்பதால் வெள்ளியும் ஞாயிறும் ஆகாது. கிழக்கே போகிறவர்கள் முதலில் ஏன் மேற்கே போகிறார்கள் என்று அவர் அரை மணி நேரம் யோசித்தார். இருந்தாலும் முடிவில் ஒரு தேதி சொன்னார் பாருங்கள், அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். பழைய நாற்காலியும் ஒரு பஞ்சாங்கமும் வைத்திருப்பவர் மணி நிமிஷத்தோடு சொல்கிறார். ஒரு கட்டடம் நிறையக் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு பூகம்பத்தை முன்கூட்டிக் கணிப்பதே வேலையாக இருக்கும் உங்களால் ஒரு கிழமைகூடச் சொல்ல முடியவில்லை. எனவே, அடுத்த பெரிய பூகம்பம் என்றைக்கு என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பும் வரை மகளையும் பேத்தியையும் படி இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நிர்மலா என்னிடம் நேராகப் பேசுவதில்லை. "எம்மா, ஒங்க வீட்டுக்காரர் சாப்பிட வாராரான்னு கேளுங்க" என்று என் முன்னாலேயே தங்கத்தாயிடம் கேட்கிறாள்.

நீங்கள் போனில் சொன்னதை நான் அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். "மாமா, தேதியெல்லாம் யாராலும் சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்குள்ள பெருசா ஒண்ணு வாரதுக்கு எழுபது எண்பது சதவீதம் வாய்ப்பு இருக்கு, அவ்வளவுதான்." இந்த அவ்வளவுதான் என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. முப்பது வருஷம் என்றால் எப்போதிலிருந்து? கல்யாணப் பேச்சு நடந்தபோதும் முப்பது வருஷம் என்றீர்கள். இப்போதும் முப்பது வருஷம் என்கிறீர்கள். நடுவில் மூன்று வருஷம் ஓடிவிட்டதே, அதை யார் எடுத்துக்கொண்டார்கள்? எழுபது சதவீதம் என்றால் வந்தால் எழுபது சதவீதம்தான் ஆடுமா, அல்லது நூறு வீட்டில் எழுபது வீடு ஆடுமா? தெரு முனையில் டீக்கடை வைத்திருக்கும் காஜாவிடம் கேட்டேன். "எழுபதுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்லா அண்ணாச்சி" என்றான். தங்கத்தாய் அதற்கு மேல். "அப்ப மிச்சம் முப்பது சதவீதம் இருக்குல்லா, அதுல பிள்ளைய அனுப்பிருவோம்" என்கிறாள். அதைக் கேட்ட நிமிஷம் எனக்கும் சரி என்றுதான் பட்டது. பிறகுதான் அதில் ஏதோ தவறு என்று தோன்றியது. என்ன தவறு என்று இன்றுவரை பிடிபடவில்லை. முப்பது வருஷத்துக்குள் இந்தத் தெருவில் ஒரு திருட்டு நடக்கும் என்று நான் ஸ்டேஷன் டைரியில் எழுதியிருந்தால், என்னை மறுநாளே ஆயுதப்படைக்கு மாற்றியிருப்பார்கள்.

சரி, நீங்கள்தான் சொல்லவில்லை, தாணுமாலயனாவது சொல்லட்டும் என்று அவரிடமே போனேன். உங்கள் ஊர், கடல் எந்தத் திசை, எல்லாம் சொன்னேன். அவர் பஞ்சாங்கத்தைத் திறக்கவே இல்லை. "அண்ணாச்சி, பூமி பிறந்த நேரம் தெரியுமா? பிறந்த நேரம் தெரியாம நான் யாருக்கும் பாக்கதில்ல" என்றார். பத்து நிமிஷம் நடந்து போனதற்கு இதுதான் கிடைத்தது.

மூன்றாவது தடவை பேசும்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள், ஞாபகம் இருக்கும். "மாமா, குத்தாலத்துல சீசன் எப்ப?" என்றீர்கள். ஆனி, ஆடி என்றேன். "எந்தத் தேதி, எத்தன மணிக்கு மெயினருவில தண்ணி விழும்னு சொல்ல முடியுமா?" என்றீர்கள். "அது மாதிரிதான் மாமா இதுவும்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சீசன் வந்துவிட்டால் எந்த ஊரில் இருக்கும் சொந்தக்காரனும் எனக்குத்தான் போன் போட்டு "தண்ணி விழுதா?" என்று கேட்பான். அப்படிப்பட்ட என்னிடமா இந்தக் கேள்வி என்று, ஒரு மனுஷனால் தேதியும் நேரமும் சொல்ல முடியும் என்பதை நிரூபிக்க, விருதுநகரில் இருக்கும் என் மச்சினனுக்கு அன்றைக்கே போன் செய்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மெயினருவியில் அருமையான தண்ணீர், நூறு சதவீதம், குடும்பத்தோடு வந்துவிடு என்றேன். மலையில் மேகம் இறங்கி நின்றது, காற்றில் ஈரம் இருந்தது, என் வலது முழங்காலும் வலித்தது. இதைவிட ஆதாரம் வேண்டுமா? அவன் ஒரு வேன் பிடித்துத் தன்னோடு சேர்த்துப் பதினாலு பேராக வந்தான். நேரத்தை வீணாக்க வேண்டாமென்று தென்காசி தாண்டியதுமே வேனிலேயே எல்லாரும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டார்கள். நான் முன்னால் நடந்தேன். போய்ப் பார்த்தால் அருவி செம்மண் நிறத்தில், முன்னால் நிற்கும் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, கட்டையும் மட்டையும் சேர்ந்து வருகிறது, சைரன் அலறுகிறது, கயிறு கட்டியாகிவிட்டது. டியூட்டியில் இருந்த காவலர் என்னை அடையாளம் கண்டு சல்யூட் வைத்தார். வைத்துவிட்டு என் முகத்துக்கு நேராகவே விசிலை ஊதினார். பதினாலு எண்ணெய்த் தலைகளும் நம் வீட்டுக்குத்தான் வந்தன. இருப்பது ஒரு குளியலறை. மேல்தொட்டியில் தண்ணீர் ஆறாவது ஆளோடு தீர்ந்தது. மற்றவர்கள் மோட்டார் ஓடும் வரை முன்னறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். போன தீபாவளிக்கு வெள்ளையடித்த சுவர், இப்போது அதில் வரிசையாக எட்டு எண்ணெய் வட்டம் இருக்கிறது. தங்கத்தாய் அதைத் துடைக்க மறுக்கிறாள். "இருக்கட்டும், ஒங்க நூறு சதவீதம் அங்கன செவுத்துல இருக்கட்டும்" என்கிறாள்.

ஆனாலும் மாப்பிள்ளை, அருவி வேறு, பூகம்பம் வேறு. நானும் பதினோரு சீசன் மெயினருவியில் பந்தோபஸ்தில் நின்றவன்தான். வெள்ளம் எந்தத் தேதியில் வரும் என்று என்னிடமும் யாரும் எழுதி வாங்கவில்லை, உண்மை. ஆனால் நின்றுகொண்டே இருந்தால் தெரியும். தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறும், பச்சை இலை வரும், பிறகு சுள்ளி வரும். அப்போது விசிலை ஊத வேண்டும். ஊதினால், "நல்லாத்தானய்யா விழுது, இப்ப எதுக்கு வெரட்டுதீய?" என்று சண்டைக்கு வருவார்கள். ஒருவர் சோப்பு நுரையோடு என் சட்டையைப் பிடித்தார். அவர் பிடித்த பிடி விடுவதற்குள் பின்னால் வெள்ளம் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அதே ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. எழுதி வந்த வேகத்தில் வந்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

உங்களையே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாமென்று பத்து நாளாக நானே வீட்டில் பூமி அசைகிறதா என்று கண்காணிக்கிறேன். முறை எளிது. எவர்சில்வர் டம்ளர் ஆறை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கி, உச்சியில் தங்கத்தாயின் சீரில் வந்த பித்தளைச் சொம்பை வைத்திருக்கிறேன். தரை அசைந்தால் சத்தம் கேட்கும். முதலில் பிரிட்ஜ் மேல் வைத்தேன். பிரிட்ஜே தானாக அசைகிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு பீரோவின் மேல் மாற்றினேன். முதல் நாளே பதினோரு அசைவு. நேரத்தோடு நோட்டில் இருக்கிறது. நாலாவது அசைவில் எனக்குப் பொறுக்கவில்லை, பழைய விசிலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஊதிவிட்டேன். பாதி முகம் சவரம் செய்தவர்கள், இட்லிச் சட்டியை இறக்காமல் வந்தவர்கள், எல்லாரும் ரோட்டில் நின்றோம். இருபது நிமிஷம் ஆகியும் பூமி ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் காஜாதான் வந்து, "அண்ணாச்சி, அங்கன ரோட்டு வேல நடக்குல்லா, புளியறை போற லாரிய எல்லாம் இங்கன திருப்பி விட்டுருக்காவ. பதினாறு வீலு, கல்லு லோடு. அதான் ஆடுது" என்றான். அன்றிலிருந்து சொம்பு ஆடினால் நோட்டில் லாரி என்று எழுதிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். இதுவரை நூற்று மூன்று லாரி. பூகம்பம் பூஜ்யம். தெருக்காரர்கள் இப்போது என்னைக் கண்டால் வணக்கம் சொல்வதற்குப் பதில் விசில் ஊதுவதுபோல் வாயைக் குவிக்கிறார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? மேலகரத்தில் தரை அசையாது. அசைந்தால் அது லாரி. அங்கே உங்கள் ஊரிலோ தரை எப்போது வேண்டுமானாலும் அசையும், போன் மட்டும் பத்து விநாடி முன்னால் கத்துமாம், நிர்மலா பெருமையாகச் சொல்கிறாள். பத்து விநாடியில் என்ன செய்ய முடியும் மாப்பிள்ளை? எனக்குச் செருப்புப் போடவே அதற்கு மேல் ஆகும். ஆகவே என் பேத்தி, என்றைக்கும் அசையாத இந்த மண்ணில்

மேலே கோடு கோணலாக இழுத்துக்கொண்டு போனதற்கு மன்னிக்கவும். லாரி. மணி 11.14. பெரிய லோடு போலிருக்கிறது, டம்ளர் ஆறும் சரிந்து சொம்பு கட்டிலுக்கடியில் போய்விட்டது. நிர்மலா தொட்டிலிலிருந்து பிள்ளையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள். நாலு நாளாகப் பேசாதவள் இப்போது என்னிடம் நேராகவே பேசிவிட்டாள். "எப்பா, எழுந்திரிங்க, வெளிய வாங்க!" என்று கத்துகிறாள். "ஏட்டி, லாரிட்டீ" என்றேன். அவள் கேட்கவில்லை. தங்கத்தாயும் கரண்டியோடு பின்னாலேயே ஓடுகிறாள். வெளியே ஏதோ கூச்சல் கேட்கிறது, டிரைவரோடு யாரோ சண்டை போடுகிறார்கள் போல. இந்த லாரி ஹாரன்கூட அடிக்கவில்லை. நோட்டில் நூற்று நாலு என்று எழுதிவிட்டு வந்தேன். இதுதான் மாப்பிள்ளை நான் சொல்வது. உங்களிடம் இரண்டு வருஷம் இருந்ததில் என் மகளுக்கு லாரிக்கும் பூகம்பத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

எங்கே விட்டேன்? அசையாத மண்ணில் வளரட்டும் என்கிறேன். இல்லையென்றால் இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். அதில் தேதி, கிழமை, நேரம், சம்பவ இடம் என்று நாலு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நிரப்பிக் கீழே கையெழுத்திட்டு, கூடவே வைத்திருக்கும் கவரில் போட்டு அங்கே ஏதாவது தபால் பெட்டியில் சேர்த்துவிடவும். உங்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாதென்று தென்காசி தபாலாபீஸில் வாங்கிய தபால்தலையை நானே ஒட்டிவிட்டேன். தேதி ஆவணி 18-க்கு முன்னால் இருந்தால் அது முடிந்த பிறகு அனுப்புகிறேன். பின்னால் இருந்தால் அதற்கு முன்னால் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கோபம் வேண்டாம். எனக்கு இருப்பது ஒரே மகள், ஐந்து மாதம் நிறையாத ஒரே பேத்தி. இரண்டு பேரையும் ஆடுகிற தரையில் இறக்கிவிட்டு இங்கே என்னால் ஒரு வாய் சோறு தின்ன முடியாது. அதுதான் விஷயம், மற்றதெல்லாம் சும்மா எழுதியது.

குமாரசாமி அருளால் நீங்கள் நோய்நொடி இல்லாமல், தலைக்கு மேலே எதுவும் விழாமல், நூறு வயது இருக்க வேண்டும். அத்தை ஆசிகளைச் சொல்லச் சொன்னதாக எழுதிக்கொள்கிறேன், அவள் இன்னும் வெளியிலிருந்து வரவில்லை.

இப்படிக்கு,
மாமனார்
சிவனணைந்தபெருமாள்

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது காஜா வந்தான். இது மாலை 4.40 மணிக்கு எழுதுவது. மேற்படி 11.14 மணி லாரி, லாரி அல்ல. ரோட்டு வேலை நேற்றே முடிந்துவிட்டதாம். "காலையில இருந்து இங்கன ஒரு லாரிகூட வரல அண்ணாச்சி" என்கிறான். அவன் கடையில் ஒன்பது கிளாஸ் போயிற்று. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை, சின்ன அசைவுதான் என்று டி.வி.யில் சொன்னார்கள். இன்னும் முப்பது வருஷத்துக்குள் இப்படி ஒன்று மேலகரத்தில் வரும் என்று யாராவது போன வாரம் என்னிடம் சொல்லியிருந்தால், நான் அவரிடமும் தேதிதான் கேட்டிருப்பேன்.

காஜா வருவதற்கு முன்பே, 11.23-க்கு நீங்கள் போன் செய்தீர்கள். நிர்மலா தெருவில் நின்றே உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். "மாமா, எல்லாரும் வெளிய நிக்கீயளா? பிள்ள எங்க இருக்கா?" என்று கேட்டீர்கள். உங்கள் குரல் நடுங்கியது. ஜப்பானில் அசைந்து அசைந்து பழகிய மனுஷனுக்கு ஏன் குரல் நடுங்குகிறது என்று அப்போது நினைத்தேன். "நிக்கோம் மாப்பிள்ளை, எல்லாரும் நிக்கோம்" என்று சொன்னேன். அது பொய். தெரு முழுக்க வெளியே நின்றது, பிள்ளை தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அசையாத மண் என்று கட்டிலில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். எத்தனை விநாடியில் வெளியே போனாய் என்று நிர்மலாவிடம் கேட்டேன். ஏழு என்றாள். சோப்பு நுரையோடு என் சட்டையைப் பிடித்த ஆளின் முகம் மத்தியானத்திலிருந்து என் கண் முன்னாலேயே நிற்கிறது.

ஆகவே இணைத்துள்ள தாளை நிரப்ப வேண்டாம். ஆவணி 18, புதன்கிழமை, ஒன்பதே காலுக்கு இருவரும் படி இறங்குகிறார்கள், நானே திருவனந்தபுரம் வரை வந்து ஏற்றிவிடுகிறேன். பேத்தியின் சாமான்களோடு என் விசிலையும் வைத்திருக்கிறேன். தங்கத்தாய் கொதிநீரில் போட்டு எடுத்துவிட்டாள். போன் எப்போதாவது கத்தாமல் போனால் ஊதுவதற்கு. யார் சண்டைக்கு வந்தாலும் ஊதச் சொல்லுங்கள்.